புல் மூடாத தடம்

என் வீட்டுக்காரருக்கு,

"இந்தக் காட்டையே கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டு நீங்கள் உங்கள் அக்கா வீட்டுக்குப் போனதைப் பற்றி இதில் ஒன்றும் எழுதப்போவதில்லை. வேலை விஷயம் மட்டும்தான்.

மழைக்குப் பிறகு காப்புக்காட்டில் குறுக்குத் தடங்களை மூடிக்கொண்டிருக்கிறோம். ஆட்கள் நடந்து நடந்து இறுகிப்போன மண்ணில் எந்த விதையும் வேர் பிடிக்காது. அதனால் தடம் தொடங்கும் இடத்தில் முறிந்த கிளைகளைப் போட்டு மறைத்துவிடுகிறோம். வழி கண்ணில் படாவிட்டால் யாரும் கால் வைக்கமாட்டார்கள். மிச்சத்தைப் புல்லே பார்த்துக்கொள்ளும்.

நேற்று ரேஞ்சர் நம் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் வந்துவிட்டார். பேருந்து நிறுத்தத்துக்குப் போக நீங்கள் நடந்து நடந்தே உண்டாக்கிய தடம் இருக்கிறதே, அதன் முன்னால் நின்றார்.

"இதுல யாரும்மா நடக்கிறது?"

"மான் சார்."

"மான் செருப்புப் போட்டுக்கிட்டா நடக்குது?"

நான் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"சரி, ஸ்டாஃப் நடக்கிற வழின்னா இருக்கட்டும். புல் மொளைச்சிடுச்சுன்னா மட்டும் மூடிடணும், என்ன?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இத்தனை மழைக்கும் அதில் ஒரு புல் முளைக்கவில்லை. நீங்கள் விட்டுப்போன செருப்பை மாட்டிக்கொண்டு தினமும் காலையும் மாலையும் நிறுத்தம் வரை போய்த் திரும்புகிறேன். அளவு பெரிது, வழுக்கிக்கொண்டே இருக்கிறது.

மற்றத் தடங்களையெல்லாம் மூடியாகிவிட்டது. இனி நீங்கள் நினைத்தாலும் வழி தப்ப முடியாது.

உங்கள் வீட்டுக்காரி