நீ விலகி நின்ற படம்

இந்த வருஷமும் சம்பா மூழ்கிவிட்டது. காலையில் கீழ்வேளூர் சாலையில் வரும்போது அழுகிய பயிரின் வாடை முகத்தில் அடித்தது. அதற்குமேல் ஓட்ட முடியாமல் வண்டியை ஓரம் கட்டினேன். நீ செத்துப்போன வருஷமும் இதே வாடைதான்.

செல்போன் ரிப்பேர் கடைக்காரனான எனக்குப் படம் எடுக்க யாரும் சொல்லித்தரவில்லை. யாரோ விற்றுவிட்டுப் போன பழைய கேமராவில், கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். என்னோடு படித்த நீ குத்தகை நிலத்தில் சாகுபடி செய்துகொண்டிருந்தாய். எந்த வயலில் பனி எப்போது விலகும், எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும் என்பதெல்லாம் உனக்குத்தான் தெரியும். உன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து குத்தாலம் வரைக்கும் போயிருக்கிறேன்.

எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. படத்தில் ஆள் இருக்கக் கூடாது. ஓர் ஆள் நின்றால் பார்ப்பவர் கண் அவரிடம் போய்விடும், நிலம் வெறும் பின்னணியாகிவிடும் என்பேன். நீ ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

"ஆளு இல்லாம இது எப்படிடா வயலாச்சு? சும்மா விட்டா கோரைதான் மண்டும்."

சொல்லிவிட்டு, நான் கேட்டபடி விலகியும் நிற்பாய்.

நாலு நாள் பெய்த மழை அன்றுதான் விட்டிருந்தது. உன் வயல் ஏரியாகக் கிடந்தது. தண்ணீரை வடிக்க வரப்பை வெட்டவேண்டும் என்று மண்வெட்டியோடு இறங்கினாய். நான் சாலையில் கேமராவை நிறுத்தினேன். கறுத்த மேகம் முழுவதும் தண்ணீருக்குள் இருந்தது. அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"கொஞ்சம் எடது பக்கம் தள்ளிக்கடா, படத்துல வர்ற."

"வேலை செய்றவன நகரச் சொல்றான் பாரு," என்று சிரித்துக்கொண்டே நகர்ந்தாய்.

படம் எடுத்துவிட்டு நிமிர்ந்தேன். நீ தண்ணீரில் குப்புறக் கிடந்தாய். காற்றில் அறுந்த மின்கம்பி அங்கே மூழ்கிக் கிடந்தது நம் இருவருக்கும் தெரியாது. பாய்ந்து இறங்கப்போன என்னைச் சாலையில் வந்தவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கரண்டை நிறுத்தும்வரை விடவில்லை.

மறுநாள் உன் மனைவி கேட்டாள். "போஸ்டருக்கு அவரு படம் ஒண்ணு குடுங்கண்ணே. உங்ககிட்டதான் நெறைய இருக்குமே."

ஆயிரக்கணக்கான படங்களில் தேடினேன். நீ ஒன்றில்கூட இல்லை. கடைசியில் ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி ஒட்டினார்கள். அதில் இருந்தது உன் முகம் மாதிரியே இல்லை.

காரியம் முடிந்த அன்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் உன்னை நகரச் சொன்னேன் என்றேன்.

"நீங்க சொல்லலன்னாலும் அவரு அங்கதாண்ணே போயிருப்பாரு. வடிகால் அந்தப் பக்கம்தான இருக்கு," என்றாள். பிறகு, "அந்தப் படத்த மட்டும் யாருக்கும் காட்டாதீங்க," என்றாள்.

காட்டவில்லை. அழிக்கவும் கை வரவில்லை. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அவள் சொன்னது நிஜமா, என்னைத் தேற்றுவதற்கா என்று கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

இப்போது என் படங்களில் ஆட்கள் இருக்கிறார்கள். நாற்று முடிகிறவர்கள், வரப்பில் நடக்கிறவர்கள், கேமராவைப் பார்த்து முறைக்கிறவர்கள். யாரையும் விலகச் சொல்வதில்லை. பார்க்கிறவர்கள் என் பாணி மாறிவிட்டதாகப் பாராட்டுகிறார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறேன். என் குரல் கேட்டுத்தான் நீ நகர்ந்தாய். அந்தக் குரலில்தான் இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறேன்.