உறைந்தும் பிழைத்த நம் ஈஸ்ட்

என் அருமை நசீமா,

நீ கண்மூடிய பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஊட்டியில் காலையிலிருந்து மழை. ஆய்வகத்தில் என்னைத் தவிர யாருமில்லை. உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. அதற்கு முன் நன்றி சொல்ல வேண்டும். நேரில் சொல்லியிருந்தால் "போடி" என்று சிரித்திருப்பாய்.

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் நம் இருவருக்கும் சேர்த்து ஓர் ஆய்வு கிடைத்ததே, ஈஸ்ட் செல்லின் தண்ணீர்க் கால்வாய்ப் புரதம். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் அதே ஈஸ்ட்தான். செல்லைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சவ்வு வழியாகத் தண்ணீர் மெதுவாகத்தான் கசியும். அந்தச் சவ்வில் இந்தப் புரதம் பதிந்திருந்தால் கதையே வேறு. அதன் நடுவில் குறுகலான ஒரு வழி. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக அதற்குள் விரைந்து போகும். உப்புக்கு அங்கே இடமில்லை.

குளிரூட்டினால் முதலில் உறைவது செல்லுக்கு வெளியே இருக்கும் தண்ணீர். அது உள்ளே இருப்பதையும் வெளியே இழுக்கும். சீக்கிரம் வெளியேறிவிட்டால் செல் சுருங்கிப் பிழைத்துக்கொள்ளும். தேங்கிவிட்டால் உள்ளேயே பனிக்கட்டியாகிச் செல்லைக் கிழித்துவிடும். அப்படியானால் கால்வாய் நிறைய உள்ள ஈஸ்ட் உறைபனியைத் தாங்குமா? அதுதான் நம் கேள்வி.

மாதக்கணக்கில் விடை வரவில்லை. ஒருமுறை கால்வாய் உள்ளதும் இல்லாததும் சேர்ந்தே செத்தன. இன்னொருமுறை இரண்டும் பிழைத்தன. குன்னூரை அடுத்த வெலிங்டனில் ராணுவ அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அப்பா எனக்கும் ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். படிப்பை விட்டுவிடலாம் என்ற முடிவோடுதான் அந்த மழைக்காலத்தில் வீட்டுக்குப் போனேன். உன்னிடமும் சொன்னேன்.

மறுநாளே மண் சரிந்து குன்னூர் சாலை அடைபட்டது. ஊட்டியில் மின்சாரம் போயிற்று. ஃப்ரீசரில் ஈஸ்ட் வைத்திருந்த நம் குழாய்கள் உருகத் தொடங்கியபோது, விடுதியில் இருந்த நீதான் என்னைப் போனில் அழைத்தாய்.

"பவரு வர்ற மாதிரி தெரியல. டப்பாவத் தூக்கிட்டு எங்க மாமா மீன்கடைக்குப் போறேன், அங்க ஜெனரேட்டர் இருக்குது. நீ அழுவாம சோறு உண்ணு."

நான் விட்டுப்போன வேலையை நீ மட்டும் ஏன் சுமந்தாய்? கொட்டும் மழையில் ஐஸ் பெட்டியை அணைத்துக்கொண்டு மார்க்கெட் வரை நடந்திருக்கிறாய். மாமா வஞ்சிர மீன்களை ஓரம் தள்ளி இடம் கொடுத்தாராம்.

சாலை திறந்து நான் வந்து சேர்ந்தபோது, உருகி மறுபடி உறைந்த குழாய்கள் எதற்கும் ஆகாது என்றேன். தூக்கி எறியும் முன் ஒரு தடவை தட்டில் போட்டு வளர்கிறதா என்று பார்ப்போம் என்று பிடிவாதம் பிடித்தாய். இரண்டு நாளில் கால்வாய் இல்லாத ஈஸ்டின் தட்டு கிட்டத்தட்டக் காலி. கால்வாய் நிறைந்ததன் தட்டில் உயிரோடு வளர்ந்த ஈஸ்டின் வெள்ளைப் புள்ளிகள் அடர்ந்து கிடந்தன. நாம் இருவரும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பேராசிரியரிடம் ஓடினோம்.

விபத்தைச் சோதனையாக ஏற்க முடியாது என்று பேராசிரியர் சொன்னது சரிதான். அதன்பின் நாமே முறையாக உறைய வைத்தோம், உருக்கினோம், மறுபடி உறைய வைத்தோம். ஒவ்வொரு முறையும் அதே விடை. அப்பாவிடம் வேலை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அப்போதுதான் வந்தது. இன்று நான் இதே கல்லூரியில் பாடம் நடத்துவது நீ அன்று நனைந்ததால்தான்.

பிறகு உன் சிறுநீரகங்கள் பழுதாயின. டயாலிசிஸுக்காகக் கோயம்புத்தூர் போய் வரும் நாட்களில் தண்ணீரை அளந்துதான் குடிக்க விட்டார்கள். சிறுநீரகத்திலும் இதே வகைக் கால்வாய்கள் உண்டு என்பது நம் இருவருக்கும் தெரியும். அவற்றின் மேல்தான் எனக்குக் கோபம். கால்வாயைக் கதவு என்று சொல்லி நீ என்னைத் திருத்தினாய்.

"கதவு மேல தப்பு சொல்லாதடி. எனக்கு வடிகட்டியே போயிருச்சு."

அவ்வளவு தாகத்திலும் பாடத்தைச் சரியாகச் சொன்னாயே. நான் சிரித்தேன். உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டு நீயும் சிரித்தாய்.

சேதி இதுதான். போன வாரம் துறையின் ஆழ்குளிர்ப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது, கிளிசரின் கலந்து நீ சேமித்து வைத்த குழாய் ஒன்று கிடைத்தது. ஒரு துளி எடுத்துத் தட்டில் தடவினேன். வளர்ந்துவிட்டது, நசீமா.

குன்னூரிலிருந்து உன் அம்மாவை அழைத்து வந்து காட்டினேன். கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள்.

"இதெல்லாம் அவ கைப்பட்டதா, கண்ணு?"

"அவ கைப்பட்டது கொஞ்சந்தானுங்கம்மா. அது பெருகித்தான் இத்தனையும்."

அம்மா தட்டை மார்பருகே பிடித்துக்கொண்டார்கள். திருப்பித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை. பிறகு அவர்களே மெல்ல மேசையில் வைத்துவிட்டு, இதில் ரொட்டி சுடலாமா என்று கேட்டார்கள். ஆய்வகத்தில் வளர்த்ததைச் சாப்பிடக் கூடாது என்றேன். அப்படியானால் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றார்கள்.

பார்த்துக்கொள்வேன். இது தளராமல் இருக்க அவ்வப்போது புதிய குழாய்க்கு மாற்றுவேன். மாற்றும் ஒவ்வொரு முறையும் அன்று மாலையே குன்னூருக்குப் பஸ் ஏறி, உன் அம்மாவோடு உட்கார்ந்து, அவர்கள் கையால் ஒரு வாய் சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவேன்.

உன் அம்மாவுக்கு இன்னொரு மகள்,
ஜெபா