நான் கீழே போனால் கோல் விழும்

ஏப்ரல் 20, திங்கள்

அப்பா சவரக் கத்தியை இன்று குளியலறை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டார். பனி ஹாக்கியின் பிளேஆஃப், கோப்பைக்கான நாக்-அவுட் சுற்றுகள், தொடங்கிவிட்டது. நம் அணி வெளியேறும் வரை, அல்லது கோப்பையைத் தூக்கும் வரை, ராசிக்குத் தாடிதான். மே மாதம் வந்தால் பிலடெல்ஃபியாவில் எங்கள் தெருவே சாமியார் மடம் மாதிரி இருக்கும். அம்மாவுக்குக் கூடைப்பந்து, அதன் பிளேஆஃபும் இதே வாரம். வீட்டில் ஒரே டிவி.

எனக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் ஹாக்கியில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. நம் அணி பின்தங்கினாலோ, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனாலோ, நான் நிலவறைக்கு இறங்கி வாஷிங் மெஷின் பக்கத்தில் நிற்க வேண்டும். கல்லூரி முதல் வருடத்தில் ஒருநாள் துணியை எடுக்கக் கீழே போனேன், மேலே கோல். அடுத்த ஆட்டத்தில் சோப்புத் தூள் எடுக்கப் போனேன், இன்னொரு கோல். வால்ட் சித்தப்பா சட்டம் போட்டுவிட்டார்.

இந்த வீட்டின் முதல் பட்டதாரி நான். படித்தது புள்ளியியல்.

ஏப்ரல் 22

ஒரு கோல் பின்னால். கீழே போனேன். துண்டுகளை மடித்தேன். ஜெயித்தோம்.

ஏப்ரல் 30, வியாழன்

முதல் சுற்று முடிந்தது. கூடுதல் நேரம். முதல் கோல் போடுபவருக்கே ஆட்டம் — நான் பார்த்தது வாஷிங் மெஷினின் கண்ணாடிக் கதவை. மேலே திடுதிடுவென்று ஓட்டம். உத்தரத்திலிருந்து தூசி விழுந்தது. அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு சுற்று முடிந்தால் இரண்டு அணிகளும் பனிக்கட்டி மேல் வரிசையாக நின்று கைகுலுக்கும். எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்: அப்பா, சித்தப்பா, அண்ணன் கைல், விருப்பமில்லாத அம்மா என்று கூடத்தில் வரிசையாக நின்று, ‘நல்ல சீரிஸ், நல்ல சீரிஸ்’ என்று கைகுலுக்கிக்கொள்வார்கள்.

நான் மேலே வந்தபோது எல்லாரும் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள்.

“வாடி புரொபசர்! எல்லாம் உன் கைராசி!” என்றார் சித்தப்பா. அந்தக் கையைத்தான் யாரும் குலுக்கவில்லை. சின்ன விஷயம். ஏன் எழுதுகிறேன்?

மே 1

ஆபீஸில் பக்கத்து மேஜை நாடின் கேட்டாள், “நேத்து அந்தக் கோல பாத்தியா?”

“கேட்டேன்.”

“ரேடியோலயா?”

“இல்ல... கூரைல.”

விஷயத்தைச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “இன்ஷூரன்ஸ் கம்பெனில உக்காந்து நாள் பூரா எது நடக்கும் எது நடக்காதுன்னு கணக்குப் போடுற. வீட்டுக்குப் போய் கோலுக்காகத் துணி மடிக்கிறியா? நீ ரசிகையா, சலவைக்காரியா?”

நானும் சிரித்தேன். பஸ்ஸில் சிரிப்பு வரவில்லை.

மே 7, வியாழன்

அம்மாவோடு கூடைப்பந்து. ஜெயித்தோம். இதில் யாரும் என்னை எங்கும் அனுப்புவதில்லை. ஏன் என்று யோசித்தேன். கூடைப்பந்தில் நூறு புள்ளிக்கு மேல் விழுகிறது; ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடினால் மூச்சு வாங்கும். ஹாக்கியில் ஒரே ஒரு கோல். அதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

மே 15, வெள்ளி

ஏழில் நான்கு ஆட்டம் ஜெயிப்பவருக்கே சுற்று. இரண்டாம் சுற்றில் இரண்டு அணிகளும் ஆளுக்கு மூன்று ஜெயித்தாயிற்று. ஏழாவது ஆட்டம் ஞாயிறு மதியம். தோற்றால் வீட்டுக்கு.

கூடுதல் நேரம் வந்தால் போகமாட்டேன் என்று குளியலறைக் கண்ணாடியிடம் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியே நம்பவில்லை.

மே 17, ஞாயிறு

ஆளுக்கு மூன்று கோல். கூடுதல் நேரம்.

சித்தப்பா ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தை அடைத்தார் (வர்ணனையாளர் ராசி சரியில்லையாம்). திரும்பிக்கூடப் பார்க்காமல், “புரொபசர், கீழ” என்றார்.

“போகல சித்தப்பா.”

“என்னது?”

“இங்கயே இருக்கேன். நானும் பாக்கணும்.”

“டெஸ், விளையாடாத! ஏழாவது ஆட்டம்டி!” என்று கைல் கத்தினான். எனக்குக் காது சுட்டது. எழுந்துவிடலாமா? அம்மா சமையலறையிலிருந்து, “மெஷின்ல துணியே இல்ல. அங்க போய் அவ என்ன பண்ணுவா?” என்றாள்.

அப்பா தாடியைச் சொறிந்தார். என்னைப் பார்த்தார். பிறகு சோபாவில் நீட்டியிருந்த காலை மடக்கி இடம் விட்டார். “உக்காரு.”

ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் — அப்பா துண்டால் முகத்தை மூடியிருக்கிறார். சித்தப்பா முட்டிபோட்டுத் தரையில் நெற்றி வைத்திருக்கிறார். கைல் கதவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி. அடப்பாவிகளா! இத்தனை வருஷமாக இந்த வீட்டில் கூடுதல் நேரத்தை யாருமே பார்க்கவில்லையா?

நான் பார்த்தேன். ஒவ்வொரு நொடியும். எதிரணி ஆள் ஓரத்திலிருந்து சும்மா தட்டினான். ரப்பர் வட்டு நம் ஆளின் ஸ்கேட் காலணியில் பட்டு, திசை மாறி, அவசரமே இல்லாமல் நம் கோலுக்குள் போனது.

யாருக்கும் தெரியவில்லை. நான்தான் சொல்ல வேண்டும்.

“முடிஞ்சிருச்சு.”

“யாரு?” துண்டுக்குள்ளிருந்து அப்பா.

“அவங்க.”

இனி ஆயுசுக்கும் இதையே சொல்லிக் காட்டுவார்கள் என்று நினைத்தேன். தரையிலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. “எப்படிப் போச்சு?”

சொன்னேன். ஸ்கேட்டில் பட்டது, நம் கோல்கீப்பர் ஏற்கெனவே இடப்பக்கம் சாய்ந்துவிட்டது, எல்லாம். இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். இந்தக் கூடத்தில் நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதே இல்லை.

திரையில் தாடி வளர்த்த ஆட்டக்காரர்கள் வரிசையாகக் கைகுலுக்கினார்கள். அப்பா எழுந்தார். நேராக என்னிடம் வந்து கையை நீட்டினார். “நல்ல சீரிஸ், குட்டி.”

கைல் முறைத்தபடியே குலுக்கினான். கடைசியில் சித்தப்பா. கையை விடவில்லை. “நீ மட்டும் கீழ போயிருந்தா...”

“வால்ட்!” என்றார் அப்பா.

“இல்லண்ணே, கீழ போயிருந்தா நமக்கு யாரு சொல்லியிருப்பான்னுதான் கேக்க வந்தேன்.”

பொய். ஆனாலும் நல்ல பொய்.

மே 18

அப்பா சவரம் செய்துகொண்டார். காலை காபியோடு யாரோ அந்நியர் உட்கார்ந்திருந்தார். நாடினிடம், “பாத்தேன்” என்றேன். “தோத்துட்டீங்களே?” “ஆமா. ஆனா பாத்தேன்.”

மே 20, புதன்

இனி எல்லாருக்கும் கூடைப்பந்துதான். அம்மாவின் முகத்தில் ராணி களை. அப்பா, கைல், சித்தப்பா மூவரும் நேற்றுப் பிறந்த ரசிகர்கள் மாதிரி வந்து உட்கார்ந்தார்கள்.

பாதி ஆட்டம் வரை பின்தங்கியிருந்தோம். கீழே மெஷின் நின்ற சத்தம் கேட்டு எழுந்தேன்.

“எங்க போற?”

“துணி சித்தப்பா. நிஜமாவே துணி.”

“உக்காரு! நீ உக்காந்திருந்தப்பதான் வரிசையா மூணு கூடை விழுந்துச்சு. அசையக் கூடாது!”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சித்தப்பா. நான் படிச்சதே இதைத்தான்.”

“படிச்சவ சொன்னா சரிதான். உக்காரு.”

தண்ணீரைக்கூடக் கைல்தான் கொண்டுவந்து கொடுத்தான். ஜெயித்தோம்.

ஈரத்துணி இன்னும் மெஷினிலேயே கிடக்கிறது. கிடக்கட்டும்.