நான்காவது பாதையில் நம்பாட்

செப்டம்பர் 14, ஞாயிறு
வனவிலங்குக் கணக்கெடுப்புப் பட்டியலைக் காப்பகத்தின் வாசலில் ஒட்டிவிட்டார்கள். நான்காவது பாதைக்கு நானும் ஜெனீனும்! வேறு யாரையாவது போடும்படி வனக்காவலர் கார்பினிடம் கேட்டேன். "ரெய்லீன், உங்க சண்டையெல்லாம் நம்பாட்டுக்குத் தெரியாது" என்று சிரிக்கிறான்.

செப்டம்பர் 15
இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. மே மாதம் ஜெனீனின் பூனை காப்பகத்துக்குள் ஒரு நம்பாட்டை, கறையான் தின்று வாழும் அந்த அரிய சிறு விலங்கை, கவ்விக்கொண்டு ஓடியது. பார்த்தேன், புகார் எழுதிக் கொடுத்தேன். பூனையை அவள் அக்கா வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அடுத்தடுத்த வீடு, இருபது வருடப் பழக்கம் — அன்றோடு பேச்சு நின்றது.
செய்தது சரிதான். ஆனால் முதலில் அவளிடம் ஏன் சொல்லவில்லை? பயம். வேறென்ன?
மே மாதத்துக்குப் பிறகு ஒரு நம்பாட்கூட யார் கண்ணிலும் படவில்லை. அதுதான் கடைசியோ?

செப்டம்பர் 26
மழை விட்டது. வெயிலுக்குக் கறையான் மேலே வரும். கறையான் வந்தால் நம்பாட்டும் வரும். வரவேண்டும்.

செப்டம்பர் 27, சனி
எட்டரைக்கு நடக்கத் தொடங்கினோம். அவள் முன்னால், நான் பின்னால். பதினொரு மணி வரை கங்காரு ஒன்பது, முள் உடம்பு எக்கிட்னா ஒன்று. கணக்கெடுப்புத் தாளில் நம்பாட் கட்டம் காலி. ஒரு மரத்தடியில் ஆளுக்கொரு பக்கமாக சாண்ட்விச்சைப் பிரித்தோம். அதற்கு மேல் பேசாமலிருக்க என்னால் முடியவில்லை.
"ஜெனீன், உன்கிட்ட முதல்ல வந்து சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."
"பூனை செஞ்சது தப்புன்னு எனக்குத் தெரியாதா? தினம் என் வீட்டு டீயக் குடிச்சவ, எதிர்ல நின்னு திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். ஆபீசுக்குக் காகிதம் எழுதுறியே!"
பதில் சொல்ல வாயெடுத்தேன்.
"வாய மூடுடி."
கோபமென்று நினைத்தேன். அவள் விரல் என் முதுகுக்குப் பின்னால் நீண்டிருந்தது. விழுந்து கிடந்த மரத்தின் மேல் அணிலைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு செம்பழுப்பு உடம்பு. முதுகில் வெள்ளை வரிகள், புட்டி கழுவும் பிரஷ் மாதிரி விரிந்த வால். மெல்லிய நாக்கு பட்டை இடுக்கில் போய்ப் போய் வந்தது. பிறகு மரத்தின் பொந்திலிருந்து ஒரு குட்டி மூக்கு. இன்னொன்று. மூன்று… நான்கு!
பென்சிலை மடியில் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தேன்.
"எழுதுடி. அழுதுட்டே நின்னா எவன் நம்புவான்?"
அவளும்தான் அழுதாள்.

அக்டோபர் 5, ஞாயிறு
மறுபடியும் போனோம். மூன்று குட்டிகள்தான் வெளியே வந்தன. "நீ வேணா வீட்டுக்குப் போ. நான் நாலாவதப் பாக்காம நகர மாட்டேன்" என்று ஜெனீன் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். பூனையை அக்கா ஊட்டி ஊட்டிப் பன்றியாக்கிவிட்டாளாம்; இனி அது இங்கே வந்தால் ஓடக்கூட முடியாதாம். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு.
ஒன்றரை மணிக்கு நாலாவது குட்டி வந்தது, மூக்கெல்லாம் மண்ணோடு. மதியச் சாப்பாடு போயிற்று. திரும்பும் வழியில் பாதி தூரம் அவள் பேசினாள், மீதி தூரம் நான். தொண்டை கட்டிக்கொண்டது.