திக்கிப் பார்த்த பிப்ரவரி

பிப். 10, சனி

காலையிலேயே வெயில். குடை எடுக்கவில்லை. முகம் எரிகிறது.

மிச்சமிருப்பது: கேஸ் ரெக்கார்டு, செருப்பு தைக்க, வேலை விண்ணப்பம் டைப்புக்குக் கொடுக்க.

முடிந்தது: திக்கும் பயிற்சி. பேச்சுப் பயிற்சித் துறையில் எம்.எஸ்ஸி. வாங்க இதையும் செய்தாக வேண்டும். தெரியாத ஊர், தெரியாத கடை, வேண்டுமென்றே திக்கிப் பேசணும். திக்குகிறவர்களைக் குணப்படுத்தக் கிளம்புகிறவர்கள், அவர்கள் படும் பாட்டை ஒரு தடவையாவது பட்டுப் பாருங்கள் என்று மேடம். பக்கத்தில் ஒருத்தி நின்று குறிப்பெடுப்பாள். எனக்கு நித்யா, ரூம்மேட்.

எங்கள் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் என்னைத் தெரியாத கடை கிடையாது. அதனால் மகாபலிபுரம். பஸ் ஸ்டாண்டு எதிரே மெடிக்கல். தலைவலி மாத்திரை கேட்கணும், அவ்வளவுதான்.

கேட்டேன். 'மா'விலேயே நின்றது. இடது கண்ணை மூடி, வலது கையால் தொடையைத் தட்டி, "அது வந்து, அது வந்து" என்று வேறு. எதையும் யோசித்துச் செய்யவில்லை. அப்பா அப்படித்தான் திக்குவார். அப்படியே வந்துவிட்டது.

கடைக்காரர் சிரிக்கவில்லை. கல்லாவில் கை வைத்தபடி காத்திருந்தார். "நிதானமா சொல்லும்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். என் முகத்தையே பார்த்தார்.

வெளியே வந்ததும் நித்யா, "ஏய், செம நடிப்புடி." எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை எழுதி வைக்கிறேன்.

பிப். 12, திங்கள்

கூடுவாஞ்சேரியில் ரயில் லேட். நின்றுகொண்டே காலேஜ்.

வகுப்பில் எல்லோரும் செய்து காட்டினோம். மற்றவர்கள் "ப-ப-ப" என்று சினிமா காமெடி மாதிரி. என் முறை வந்ததும் அறை அமைதி. முடிந்ததும் கைதட்டல். மேடம் தட்டவில்லை. "எங்க கத்துக்கிட்ட?" என்று மட்டும் கேட்டார்.

"செங்கல்பட்டு ஆஸ்பத்திரி போஸ்டிங்ல ஒரு கேஸ் மேடம்."

கேஸ். இருபத்து மூன்று வருடம் சோறு போட்ட மனுஷன் கேஸ் ஆகிவிட்டார்.

விண்ணப்பத்திலும் இதே கதைதான். 'இத்துறையில் ஆர்வம் ஏற்படக் காரணம்' என்ற இடத்தில் "எனக்குத் தெரிந்த ஒருவர்" என்று போட்டிருக்கிறேன். மூன்று தடவை அடித்து எழுதியும் 'அப்பா' வரவில்லை. தெரிந்த ஒருவராம்.

பிப். 18, ஞாயிறு

நேற்று செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வீடு. வழியெல்லாம் தூக்கம். இன்று சர்ச்சில் அப்பா பாடினார். பாடும்போது அவருக்குத் திக்காது. சின்ன வயதில், இவர் எப்போதும் பாடிக்கொண்டே இருந்தால் என்ன என்று நினைப்பேன்.

இந்த மாதக் கடைசியோடு அணுமின் நிலைய வெல்டர் வேலையிலிருந்து அப்பா ரிட்டயர்டு. செக்‌ஷனில் சென்ட்-ஆஃப் வைக்கிறார்கள். ரிட்டயர் ஆகிறவர் ஏற்புரை பேச வேண்டும். மாலை போட்டால் போதும், பேச மாட்டேன் என்று அப்பா போன மாதமே சொல்லிவிட்டார். அம்மாவும், "அவுரு சார்பா நான் நன்றி சொல்லிக்கிறேன்" என்று தயார். எங்கள் வீட்டில் அவருக்காகப் பேசுவது நானும் அம்மாவும்தான். அவர் ஆரம்பித்தால் நாங்கள் முடிப்போம். அப்படி வார்த்தையை எடுத்துக் கொடுக்கவே கூடாது என்று முதல் செமஸ்டரிலேயே பாடம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். வீட்டுக்கு வந்தால் பழைய குருடிதான்.

மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, அப்பா கூப்பிட்டார். அம்மா தூங்குகிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு,

"ம... மகாபலிபுரத்துல மெடிக்கல் வெச்சிகிறாரே, அவுரு முன்ன நம்ம மார்க்கெட்லதான் கடை வெச்சினு இருந்தாரு. போ... போன் பண்ணாரு. தாஸு, உன் பொண்ணு வந்துச்சு, உன்ன மாதிரியே திக்குச்சுன்னாரு."

அப்பா குரலைத் தணித்தார்.

"உ... உனக்கும் அது கீதா? இன்னாத்துக்கும்மா எங்க கைல மறைச்ச?"

இல்லப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு என்ன சொல்வது? உங்களை மாதிரி நடித்தேன் என்றா?

அவரே பேசினார். "வூட்ல உனக்கு வராது. எ... எனக்கும் பாடறப்ப வராது இல்ல, அந்த மாதிரி. அதான் இந்தப் படிப்பு எடுத்தியா? எ... எங்கிட்டேர்ந்துதான் உனக்கு வந்துகீது."

கண் நிறைந்துவிட்டது அவருக்கு. அப்பா அழுது நான் பார்த்ததில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். கோழை நான். வேறு வார்த்தை தேட வேண்டாம்.

பிப். 21, புதன்

கிளினிக்கில் கூட்டம். ஒரு சின்னப் பையனின் அம்மாவிடம், "வீட்டில் எல்லாரும் உண்மையாப் பேசுங்க, மறைக்காதீங்க" என்று அறிவுரை சொன்னேன். நான்.

சாயந்திரம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசினேன். அம்மா குரலில் பதற்றம். "உங்கப்பா ஏற்புரை பேசுறேன்னு செக்‌ஷன்ல சொல்லிட்டு வந்துட்டாருடி. இன்னா ஆச்சு இவுருக்கு?"

அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். போன் என்றால் ஓடுகிறவர், வாங்கினார்.

"நா... நான் பேசறேன். நீ வந்து பாரு. ந... நம்மளாலயும் முடியும். நீ பயப்படாத."

எனக்காக. எனக்கு இல்லாத ஒன்றுக்காக.

இப்போது உண்மையைச் சொன்னால் பேச மாட்டார். சொல்லாமல் இருக்க நல்ல காரணம் கிடைத்துவிட்டது என்று மனதில் ஒரு மூலை சந்தோஷப்படுகிறது. அந்த மூலையைத்தான் சகிக்க முடியவில்லை. நித்யா இட்லி வாங்கி வந்தாள். சாப்பிடவில்லை.

பிப். 28, புதன்

லீவு போட்டு வந்தேன். கேண்டீன் ஹாலில் சென்ட்-ஆஃப். சமோசா, லட்டு, சந்தன மாலை, சால்வை. அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

மைக் முன்னால் நின்றார். "இ..." என்று தொடங்கி, நின்றுவிட்டார். கண் மூடியது. கை தொடையைத் தட்டியது. "அது வந்து, அது வந்து." வகுப்பில் எனக்குக் கைதட்டல் வாங்கிக் கொடுத்த அதே கை, அதே கண். நான் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

முன்வரிசையில் யாரோ, "இத்தனை வருஷமா, அதானே அண்ணாத்த?" என்று எடுத்துக் கொடுத்தார்.

அப்பா கையை உயர்த்தினார். "இ... இருப்பா. நானே சொல்றேன்."

சொன்னார். வெல்டிங் பற்றி, கேண்டீன் டீ பற்றி, அம்மா பற்றி. சுற்றி வளைக்காமல், வார்த்தையை மாற்றாமல், திக்கித் திக்கி முழுவதும். டீ ஆறிவிட்டது. யாரும் எழுந்து போகவில்லை. என்னையே பார்த்துப் பேசினார்.

கடைசியில், "எ... எம் பொண்ணு ரெண்டு வார்த்தை பேசும்." மைக்கை நீட்டினார்.

போனேன். நன்றி சொன்னேன். தண்ணீர் மாதிரி வந்தது பேச்சு. ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. திக்கியிருக்கலாம், நன்றாகத் தெரியுமே. அவர் முன்னால் அது முடியவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அப்பா முகம் பூரித்துப்போயிருந்தது.

வீடு திரும்பும்போது டி.வி.எஸ். ஃபிஃப்டியில், முன்னால் மாலை, பின்னால் நான். கடல் காற்றில் கத்திச் சொன்னார்: "உ... உனக்கு சரியாயிடிச்சே. எப்பிடிம்மா? எனக்கும் சொல்லிக் குடு. இ... இனிமே டைம் கீது."

மார்ச் 1, வியாழன்

காலை மூடுபனி. அம்மா மீன் வாங்கப் போயிருந்தாள்.

அப்பா ஷேவ் செய்து, சட்டை போட்டு, முன்னறையில் இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டு வைத்திருந்தார். ஒரு சொம்பில் தண்ணீர். கிளினிக்குக்கு வருகிறவர்கள் உட்காருவது மாதிரி, கையை முட்டியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

எதிரே உட்கார்ந்தேன். சொல்லிவிட்டேன்.

"அப்பா, எனக்குத் திக்காது. எப்பவும் திக்கினதில்ல. அது காலேஜ்ல குடுத்த வேலை. உங்களப் பாத்துதான் பண்ணேன். கிளாஸ்லயும் பண்ணிக் காட்டினேன். யார்கிட்டயும் உங்க பேரச் சொல்லல."

அப்பா சொம்பை எடுத்து நாற்காலிக்கு அடியில் நகர்த்தி வைத்தார். தெருவில் பால்காரர் மணி. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"எ... எப்பிடிப் பண்ண?" என்றார். குரலில் கோபம் இல்லை. "ப... பண்ணிக் காட்டு. நா... நான் எப்படிப் பேசறேன்னு எனக்கே தெரியாது."

வாயைத் திறந்தேன். ஒரு எழுத்துகூட வரவில்லை.

அப்பா காத்திருந்தார். எடுத்துக் கொடுக்கவில்லை.