நீ பேச வேண்டிய இடம்

அடியே சிரிப்புக்காரி,

உன் போனை உன் வீட்டுக்காரர்தான் எடுக்குறார். "அவ இனி பாட்காஸ்ட்டெல்லாம் பேச மாட்டாளுங்க"ன்னு மரியாதையாத்தான் சொன்னார். அதான் இந்தக் கடுதாசி, நீ என்கிட்ட தைக்கக் குடுத்த ஜாக்கெட்டுக்குள்ள, நீ வாக்கப்பட்ட நெய்க்காரப்பட்டிக்கு வருது.

நம்ம நிகழ்ச்சியை நான் நிறுத்தல. அதே மாதிரி வெளிச்சத்தம் பதிவாகாம இருக்கப் போர்வையைப் போத்திக்கிட்டு, புதுப் படம், புதுப் பாட்டு எல்லாத்தையும் கிழிச்சிட்டு, கடைசியில "இப்ப உனக்குப் பிடிச்சது எதுடி?"ன்னு கேக்குறேன். நீ பதில் சொல்ற அளவுக்கு நேரம் விட்டு, பேசாம இருக்கேன்.

"ஆடியோ கட்டாகுது, வேற ஆளைச் சேருங்க"ன்னு நிகழ்ச்சி கேக்குறவங்க எழுதுறாங்க. சேர்க்க மாட்டேன். அந்த இடத்தை வெட்டவும் மாட்டேன்.

ஜாக்கெட்டை வேணும்னே இறுக்கித் தச்சிருக்கேன். அளவு சரியில்லன்னு திருப்பி அனுப்பு. உள்ள உன் பதில் இருக்கணும்.

திண்டுக்கல்லுல இன்னும் வாயை மூடாதவ