மாநிலம் பிரிந்தாலும் பாப்பா நம்முடையவள்

சிவகாசி
12.12.2000

அன்பு மகள் ஜாஸ்பினுக்கு அப்பா எழுதுவது. மாதா துணையால் நானும் அம்மாவும் சுகம், ராஞ்சிக் குளிரில் நீயும் மாப்பிள்ளை பெனிட்டோவும் பாப்பாவும் சுகமாயிருக்க தினமும் மன்றாடுகிறோம். இங்கே காலண்டர் சீசன், அச்சாபீசில் மூச்சுவிட நேரமில்லை, உங்கள் ஊர்க் கடைக்காரர் ஒருவர் தன் ஆர்டரில் பீகார் என்று அடித்து முடித்த பிறகு ஜார்க்கண்ட் என்று மாற்றச் சொல்லிவிட்டார், போன மாதம் பீகாரைப் பிரித்ததே நாங்கள்தான் என்பதுபோல முதலாளி எங்களை முறைக்கிறார்.

அது கிடக்கட்டும். உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. எப்போதும் என் பாப்பா என்று எழுதுகிறவள் இந்தத் தடவை அந்தக் குழந்தை என்று எழுதியிருந்தாய். கன்னியர் இல்லத்திலிருந்து எடுத்து வளர்க்கும் பிள்ளைக்கு உங்களைக் கார்டியனாக்கி ராஞ்சி கோர்ட் போட்ட உத்தரவு பீகார் காலத்தது, இனிச் செல்லாது, பிள்ளையைத் திருப்பிக் கேட்பார்கள் என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னதை நம்பி ஞானஸ்நானத்தையும் தள்ளிப்போட்டிருக்கிறாய். இதைக் கேட்டதும் அம்மா, பிள்ளையத் தூக்கிட்டு ரயிலேறி வரச் சொல்லுங்க, எந்தக் கோர்ட்டு இங்கன வருதுன்னு நானும் பாக்குறேன் என்று குதித்தாள். அவளையும் கூட்டிக்கொண்டு விருதுநகர் போய் வக்கீல் கனகசபாபதியைப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். ராமநாதபுரத்துலருந்து நம்ம ஜில்லாவப் பிரிச்சாகளே, அன்னைக்கு உங்க கல்யாணம் ரத்தாயிருச்சா என்றார். ஆயிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும் என்று அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவர் நிதானமாக விளக்கினார். மாநிலத்தைப் பிரித்த சட்டத்திலேயே எழுதியிருக்கிறதாம், பழைய சட்டங்களை முறைப்படி மாற்றும்வரை அவை அப்படியே நடக்குமாம், கோர்ட் உத்தரவும் செல்லுமாம். கார்டியன் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான், மேல்கோர்ட்டுக்குப் போவதானால் மட்டும் பாட்னா ஹைகோர்ட்டுக்குப் பதில் ஜார்க்கண்ட் ஹைகோர்ட். தாயி, பிள்ளைய யாரும் கேக்க மாட்டாக, தைரியமா வளக்கச் சொல்லுங்க என்றார் அம்மாவிடம். அதுவரை வீறாப்பாக இருந்தவள் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

பறிகொடுத்துவிடுவோமோ என்று பயந்து நீ பிள்ளையிடம் தள்ளித் தள்ளி நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் மகளே. பீகாரோ ஜார்க்கண்டோ, பசித்து அழுதால் அது உன்னைத்தான் தேடும். எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொள். பங்குச் சாமியாரிடம் ஜனவரியில் ஒரு தேதி கேட்டு வை, சீசன் முடிந்ததும் ஞானஸ்நானத்துக்கு நாங்கள் வந்துவிடுகிறோம். பாப்பாவுக்குக் காதை மூடிக் குல்லா போட மறக்காதே. ஆண்டவர் உங்கள் மூவரையும் கண்போல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பாவும், உன் மகளுக்குத் தாத்தாவுமான
சவரிராஜ்